முகநூல் நட்பும் முகாமையாளர் கடனும்

ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பாடசாலையிலோ பிறரை மேற்பார்க்கும் பொறுப்புடைய ஒருவர், தம்கீழ்ப் பணிபுரிவோரைத் தம் சொந்தச் சமூக வலைத்தளக் கணக்கில் நண்பராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது இக்காலத்து நிருவாகத் துறையிலே அடிக்கடி எழுகின்ற ஒரு வினா. பார்வைக்கு இது சிறிய வினாவே. கைத்தொலைபேசியில் ஒரு குறியைத் தொடுவதோடு முடியுஞ் செயலுக்கு நெறிமுறையும் வேண்டுமோ என்று சிலர் நகைத்தலுங் கூடும். ஆயின், இத்தகைய தளங்களில் எழுதியன காரணமாக வேலை இழந்தோரும், பதவி தாழ்ந்தோரும், நீதிமன்றப் படியேறியோரும் பலர். அவர்தம் வழக்குகளை நோக்குமிடத்து, இவ்வினா அதிகாரத்துக்கும் நட்புக்குமுள்ள தொடர்பு பற்றியது என்பது புலனாகும். அதனை ஆராய்ந்து, முகாமையாளராயினார் கைக்கொள்ளத்தக்க நெறி யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுச் சொந்தக் கணக்கு என்றது, ஒருவர் தம் குடும்பத்தார், உறவினர், நண்பர் ஆகியோரோடு படங்களையும் செய்திகளையும் பகிர்ந்துகொள்ளும் முகநூல், இன்ஸ்ரகிராம் முதலியவற்றின் கணக்கினை. தொழில்வழித் தொடர்புக்கென்றே 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லிங்ட்இன் போன்ற தளங்கள் வேறு வகையின. அங்கே ஒருவர் தம் கல்வி, தொழில், தகைமை என்பவற்றையே முன்வைக்கின்றாராதலின், முகாமையாளரும் பணியாளரும் அங்குத் தொடர்புறுதல் பெரும்பாலும் இடர் விளைப்பதில்லை. அலுவலகக் கருமங்களுக்கென அமைக்கப்படும் வட்ஸ்அப் குழுக்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன. அவை பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

நட்பு என்னுஞ் சொல்

முகநூல் 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழக மாணவர்க்கென அமைக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டிற் பதின்மூன்று வயது நிரம்பிய எவரும் சேரத்தக்கதாக விரிக்கப்பட்டது. ஒத்த வயதும் ஒத்த நிலையுமுடைய மாணவர் தம்முட் பழகுதற்கென எழுந்தமையால், அதிற் சேர்க்கப்படுவோர் யாவரும் 'நண்பர்' என்னும் ஒரே பெயராற் சுட்டப்பட்டனர். மாணவரிடையே அப்பெயர் பொருந்திற்று. பின்னர்த் தாயும், தமையனும், ஆசிரியரும், அயலாரும், கந்தோர் மேலதிகாரியும் அவ்வொரு பெயருக்குள்ளேயே வந்தடைந்தனர். நம் வழக்கிலே ஒருவரை அண்ணை என்றும், மற்றொருவரை ஐயா என்றும், வேறொருவரை சேர் என்றும் அழைக்கின்றோம். அழைக்கும் முறையிலேயே அவரோடு எவ்வளவு நெருங்கலாம், எதனைப் பேசலாம், எதனைப் பேசலாகாது என்பன அடங்கிக் கிடக்கின்றன. அவ்வேறுபாடுகள் யாவும் 'நண்பர்' என்னும் அவ்வொரு சொல்லில் மறைந்துபோயின.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே இச்சொல்லின் பொருள் பற்றிய வாதமொன்று நீதித்துறையிலேயே நிகழ்ந்தது. தம் முன்னிலையில் வழக்குரைக்கும் சட்டத்தரணிகளை நீதிபதிகள் முகநூல் நண்பராகச் சேர்த்தல் தகாது என்று அம்மாநில நீதித்துறை ஒழுக்க ஆலோசனைக் குழு 2009-ஆம் ஆண்டிற் கருத்துரைத்தது. அவ்வாறு சேர்க்கப்பட்ட சட்டத்தரணி நீதிபதியிடம் தனிச்செல்வாக்குடையவர் என்னுந் தோற்றம் பிறர்க்கு உண்டாகும் என்பது அதன் காரணம். 2018-ஆம் ஆண்டிலோ, முகநூல் நட்பு ஒன்றே ஒரு நீதிபதியை வழக்கிலிருந்து விலக்குதற்குப் போதிய காரணமாகாது என அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரில் நிலவும் நட்புங்கூட அதுமட்டுமே காரணமாக நீதிபதியை விலக்குவதில்லை. முகநூல் நட்போ நெருக்கத்தின் அளவை உணர்த்துவதேயில்லை என்பது பெரும்பான்மையோர் கருத்து. எனினும் எழுவருள் நால்வரே அவ்வாறு கூறினர், மூவர் மறுத்தனர். அந்நால்வருள்ளும் ஒருவர், நீதிபதிகள் முகநூலை விட்டொழிதலே நன்று எனத் தனியே அறிவுறுத்தினார்.

இவ்வாதத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. முகநூல் நட்பு அன்பின் அளவைக் காட்டாது என்பது உண்மையாகலாம். ஆனால் அது ஒருவருடைய வாழ்வின் ஒரு பகுதியை மற்றொருவர் கண்முன்னே திறந்துவிடுகின்றது. முகாமையாளரும் பணியாளரும் முகநூலில் நண்பராயினர் என்றால், அவர்களிடையே அன்பு மிகுந்தது என்பது அதன் பொருளன்று. ஒருவர் வீட்டு முற்றத்தை மற்றவர் நாடோறும் பார்க்கக்கூடிய நிலை உண்டாயிற்று என்பதே பொருள். எனவே, ஆராயப்படவேண்டியது யார் யாரை விரும்புகின்றார் என்பதன்று; யார் யாரைப் பார்க்கின்றார், அப்பார்வையால் யாது விளையும் என்பதேயாம்.

முன்னரங்கும் பின்னரங்கும்

சமூகவியலறிஞர் எர்விங் கொவ்மன் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே மனிதர் ஒருவரோடொருவர் பழகும் முறையை நாடக அரங்குக்கு ஒப்பிட்டு விளக்கினார். இசுக்கொத்துலாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகளிலே தங்கியிருந்து அவர் ஆராய்ந்தவற்றுள் ஒரு விடுதியும் ஒன்று. விருந்தினர் உண்ணும் மண்டபத்திலே பணியாளர் ஒருவகையாகவும், கதவுக்கப்பாலுள்ள சமையலறையிலே வேறொருவகையாகவும் ஒழுகினர். முன்னையதை முன்னரங்கு என்றும் பின்னையதைப் பின்னரங்கு என்றுங் கொள்ளலாம். நம் நாட்டுக்கூத்திலே களரிக்குப் பின்னால் ஒப்பனைக் கொட்டகை இருப்பது போன்றது இது. கொட்டகையில் முடியைக் கழற்றிவைத்துத் தேநீர் அருந்தும் அரசனைப் பொய்யன் என்று எவருங் கூறார். அங்கே இளைப்பாறுவதனாலேயே அவன் மீண்டும் களரிக்கு வர இயல்கின்றது.

அலுவலகம் பணியாளர்க்கு முன்னரங்கு. வீடும் நண்பர் குழாமும் பின்னரங்கு. முன்னாளில் இவ்விரண்டிற்குமிடையே தெருவும் தூரமும் வேலியாக நின்றன. எழுதுவினைஞரும் மேலதிகாரியும் கோயில் வீதியிலோ கலியாண வீட்டிலோ சந்திக்குமிடத்தும், ஒருவர் வருகையை மற்றவர் கண்டு தத்தம் ஒழுக்கத்தை அமைத்துக்கொண்டனர். சமூக வலைத்தளத்திலோ வருபவர் காலடியோசை கேட்பதில்லை. தங்கைக்கென எழுதிய வேடிக்கைச் சொல்லும், பள்ளித் தோழனோடு நிகழ்த்திய அரசியல் வாதமும், மேலதிகாரியின் கண்ணுக்கும் ஒருங்கே சென்று சேர்கின்றன. எழுதியவர் அவர் இருப்பதையே மறந்திருப்பர். வேலி வேறு வழியாக அமைக்கப்படாவிடின் பின்னரங்கு என ஒன்று இல்லாதொழியும்.

வேண்டுகோளும் கட்டளையும்

முகாமையாளர் ஒருவர், "யான் எவரையும் வற்புறுத்தவில்லை, நட்பு வேண்டுகோள் ஒன்றை அனுப்பினேன், விருப்பமில்லையாயின் ஏற்காது விடலாமே" என்று கூறலாம். ஒத்த நிலையினரிடையே இக்கூற்றுப் பொருந்தும். ஆயின், சம்பள உயர்வையும், விடுமுறையையும், பதவியுயர்வையும், சில வேளை வேலை நிலைத்தலையுமே தம் கையிற் கொண்ட ஒருவர் விடுக்கும் வேண்டுகோள், வேண்டுகோள் வடிவிலிருப்பினும், பெறுபவர் செவியிற் கட்டளையாகவே ஒலிக்கும். மறுத்தால் மேலதிகாரி யாது நினைப்பாரோ என்னும் அச்சமே பலரை உடன்படச் செய்கின்றது. அவ்வுடன்பாடு உண்மை உடன்பாடாகாது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் நிகழ்ந்த வழக்கொன்று இதனை நன்கு காட்டும். அங்கே உணவுச்சாலையொன்றின் பணியாளர் சிலர், மைஸ்பேஸ் என்னுந் தளத்திலே தமக்குள் அழைக்கப்பட்டோர் மட்டுமே புகத்தக்க குழு ஒன்றை அமைத்து, வேலையிடத்து மனக்குறைகளையும் கேலிகளையும் பேசிவந்தனர். அக்குழுவிலிருந்த வரவேற்பாளப் பெண்ணிடம் முகாமையாளர் ஒருவர் கடவுச்சொல்லைக் கேட்டார், அவரும் கொடுத்தார். முகாமையாளர்கள் குழுவிற் புகுந்து படித்தனர். அதன்பின் இருவர் வேலைநீக்கம் பெற்றனர். வழக்கிலே அப்பெண், கொடாதுவிடின் தமக்கு இடர் வருமென எண்ணியே கொடுத்ததாகச் சான்று பகர்ந்தார். எவரும் அவரை வெளிப்படையாக அச்சுறுத்தவில்லை. எனினும், முகாமையாளர்கள் உரிய அனுமதியின்றியே உட்புகுந்தனர் என 2009-ஆம் ஆண்டில் யூரர் முடிவுசெய்தனர்.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு வழக்கும் அதே மாநிலத்தில் 2013-ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்டது. மருத்துவ ஊர்திச் சேவை நிறுவனமொன்றிற் பணிபுரிந்த தாதி ஒருவர் தம் முகநூற் பதிவுகளை நண்பர் மட்டுமே காணுமாறு அமைத்திருந்தார். நிறுவனத்தின் முகாமையாளரை அவர் நண்பராகச் சேர்க்கவில்லை. ஆயின், நண்பராயிருந்த சக பணியாளர் ஒருவர், எவருங் கேளாமலே அப்பதிவுகளைப் படியெடுத்து முகாமையாளரிடங் கொடுத்தார். நண்பர்க்கென வரையறுக்கப்பட்ட பதிவுகளையும் சட்டம் காக்கின்றது என நீதிமன்றம் கூறியபோதும், காணும் உரிமையுடைய ஒருவர் தாமாகவே கொடுத்தமையால் நிறுவனத்தின்மேற் குற்றமில்லை எனத் தீர்த்தது. இவ்விரு வழக்குகளையும் வேறுபடுத்துவது, முகாமையாளர் கேட்டுப் பெற்றாரா, கேளாமற் பெற்றாரா என்பதேயாகும். அதிகாரமுடையார் கேட்டலின் தன்மையே வேறு என்பதை நீதிமன்றங்களும் உணர்ந்துள்ளன எனலாம்.

பணியாளரிடம் அவர்தம் சமூக வலைத்தளக் கடவுச்சொல்லைக் கேட்டலைத் தடுக்குஞ் சட்டத்தை அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக மேரிலாந்து 2012-ஆம் ஆண்டில் இயற்றிற்று. அவ்வாண்டிலேயே கலிபோணியா, இலினோய், மிச்சிகன் முதலிய மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. இச்சட்டங்கள் பூட்டை உடைத்தலைத் தடுத்தன. ஆனால், கதவைத் தட்டி 'உள்ளே வரலாமா' என்று புன்னகையோடு கேட்கும் மேலதிகாரியைச் சட்டம் முற்றாகத் தடுத்தல் அரிது. அவ்விடத்தே சட்டத்தின் எல்லை முடிந்து, அவரவர் ஒழுக்கத்தின் எல்லை தொடங்குகின்றது.

கண்டபின் நிகழ்வன

பணியாளர் உண்மையாகவே விரும்பி முகாமையாளரைச் சேர்த்துக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் இடர் நீங்குவதில்லை. எழுதுவினைஞர் ஒருவர் காய்ச்சலென்று சுகவீன விடுமுறை பெறுகின்றார். அன்று மாலை அவர் பக்கத்திலே கடற்கரையில் நின்று சிரிக்கும் படமொன்று தோன்றுகின்றது. அது சென்ற மாதம் எடுக்கப்பட்டதாகலாம்; அவர் தங்கையே அதனை அன்று ஏற்றியிருக்கலாம். முகாமையாளர் இதனை வினவினால் வேவு பார்த்தவராவார். வினவாதுவிடின் ஐயம் மனத்தில் உறைந்து, ஆண்டிறுதி மதிப்பீட்டிலே அவரறியாமலே எழுத்தாகும். படத்தைக் காணாதிருந்தால் இவ்விரு தீங்குமில்லை.

இன்னும், ஒருவருடைய சமயம், அரசியற் சார்பு, நோய், குடும்பத் துன்பம், மகப்பேற்று எதிர்பார்ப்பு என்பன பதவியுயர்வைத் தீர்மானிக்குமிடத்து எண்ணப்படலாகாதவை. தெரியாதவற்றை எண்ணாதுவிடல் எளிது; தெரிந்தவற்றை எண்ணாதுவிடல் மிகவும் அரிது. அத்தகைய செய்தியை அறிந்த முகாமையாளர் பின்னர் நேர்மையாகவே ஒருவரை விலக்கினும், அச்செய்தி காரணமாக விலக்கவில்லை என்பதை நிறுவ முடியாது இடர்ப்படுவார். நடுவுநிலைமை உடையராதல் மட்டும் போதாது. நடுவுநிலைமை உடையரெனப் பிறர் நம்பத்தக்கவராயும் இருத்தல் வேண்டும். பத்துப் பேருள் மூவரை மட்டும் முகநூலில் நண்பராக வைத்திருப்பவர், அம்மூவருள் ஒருவர்க்குப் பதவியுயர்வு கொடுக்கும் நாளிலே மற்றை எழுவர் கொள்ளும் ஐயத்தைத் தாமே விதைத்தவராவார். அன்பினையே பற்றாகக் கொண்டு ஒருவரைத் தெரிந்தெடுத்தலைப் பேதைமையென வள்ளுவர் கடிந்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

பணியாளர் தமக்குட் பேசும் உரிமையும் இதனாற் குறைவுறும். கனெற்றிக்கற் மாநிலத்து உணவுச்சாலை ஒன்றின் பணியாளர், வருமான வரி முறையாகக் கழிக்கப்படாமையால் தாம் வரி செலுத்த நேர்ந்தது பற்றி 2011-ஆம் ஆண்டில் முகநூலிற் குறைகூறிப் பேசினர். ஒருவர் அப்பேச்சுக்கு விருப்பக்குறி மட்டுமே இட்டார். அவரும், கருத்தெழுதிய மற்றொருவரும் வேலைநீக்கம் பெற்றனர். விருப்பக்குறி இடுதலும் பணியாளர் ஒன்றுகூடித் தம் நலன் பேசும் உரிமையுள் அடங்கும் என அமெரிக்கத் தேசியத் தொழிலுறவுச் சபை 2014-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது; மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2015-ஆம் ஆண்டில் அதனை உறுதிசெய்தது. சபை அவ்வுரிமையைக் காத்தது. ஆயின், முகாமையாளர் நண்பராய் அமர்ந்திருக்கும் இடத்தில் அத்தகைய பேச்சு தொடங்குவதேயில்லை. தொடங்காத பேச்சுக்கு வழக்குமில்லை, தீர்ப்புமில்லை. மௌனத்தால் விளையும் இவ்விழப்பு எக்கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

முகாமையாளர்க்கு வருந் தீங்கு

இத்தீங்கு பணியாளர்க்கு மட்டுமே உரியதன்று. இங்கிலாந்தின் மன்செஸ்ரர்ப் பகுதியிலே வீடமைப்பு நிறுவனமொன்றின் முகாமையாளர் ஒருவர், 2011-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒருபாலார் திருமணத்தைத் தேவாலயங்களில் நடத்துதல் பற்றிய செய்தியொன்றைத் தம் முகநூலிற் பகிர்ந்து, அதனை ஏற்காத தம் கருத்தினையும் சில சொற்களிற் குறித்தார். அவருடைய முகநூல் நண்பர் இருநூற்றுவர். அவருள் நாற்பத்தைவர் உடன் பணிபுரிந்தோர். அவர்களிற் சிலர் அதனைப் படித்தனர். விசாரணை நடந்தது. அவர் முகாமையாளர் பதவியினின்றுந் தாழ்த்தப்பட்டார்; சம்பளம் நாற்பது வீதம் குறைந்தது.

இங்கிலாந்தின் மேல் நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. உடன் பணிபுரிவோர் பலர் நண்பராயிருந்தமையால் மட்டும் அப்பக்கம் அலுவலகம் சார்ந்த இடமாகிவிடாது. அவரை நண்பராகக் கொண்டு அவர் கருத்துகளைப் படித்தல் அவ்வவர் தெரிவே என்று நீதிபதி கூறினார். எனினும் வழக்குச் சட்ட நுணுக்கங்களுள் அகப்பட்டமையால் அவர் பெற்ற இழப்பீடு 98 பவுண் மட்டுமே. அவர் கருத்தை நாம் ஏற்பினும் ஏலாதுவிடினும், வழக்கு உணர்த்துவது ஒன்றே. முகாமையாளர் பணியாளரைத் தம் பின்னரங்குக்கு அழைத்த நாள்முதல், அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் அலுவலக நாளாகிவிடுகின்றது. சட்டம் பின்னர் அவரைக் காத்தாலும், முதலில் வந்த இடரைத் தடுக்கவில்லை.

மறுதலைக் கூற்று

இனி, இத்தொடர்பினால் நன்மையுண்டு என்பார் கூற்றையும் நோக்குதல் முறையாகும். பணியாளர் ஒருவர் வீட்டிலே மரணம் நிகழ்ந்ததை அறிந்து உடனே ஆறுதல் கூறும் மேலதிகாரி, அறியாது மறுநாட் காலையிலே கணக்கு விவரங் கேட்கும் மேலதிகாரியினும் சிறந்தவரல்லரோ? ஒரே நிறுவனத்தார் பல நாடுகளிலிருந்து பணிபுரியும் இக்காலத்திலே, ஒருவரையொருவர் முகமறியப் பழகுதற்கு வேறு வழி யாது? ஐந்தாறு பேரே பணிபுரியும் சிறு கடையிலே, சிற்றூர்ப் பாடசாலையிலே, யாவரும் உறவினரும் அயலவருமாய் இருக்குமிடத்து, முகநூலில் மட்டும் அந்நியராதல் செயற்கையன்றோ? இவ்வினாக்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. மனிதத்தன்மையற்ற நிருவாகம் எவர்க்கும் நன்மை தாராது.

முற்றாகத் தடைசெய்தலும் நன்மையாய் முடியாது என்பதற்கு ஆசிரியர் உலகிலிருந்தே ஒரு சான்றுண்டு. மிசூரி மாநிலம் 2011-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, மாணவரோடு தனித்துத் தொடர்புகொள்ளத்தக்க சமூக வலைத்தள வழிகளை ஆசிரியர்க்குத் தடுத்தது. மாணவரைக் காத்தல் என்னும் அதன் நோக்கம் நன்றேயாயினும், தம் சொந்தப் பிள்ளைகளோடு தொடர்புகொள்ளும் ஆசிரியரையும் தடுக்குமளவுக்கு அதன் சொற்கள் பரந்து கிடந்தன. நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அவ்வாண்டிலேயே சட்டசபை அப்பகுதியை நீக்கி, பாடசாலைச் சபைகள் தாமே நெறிகளை வகுக்குமாறு விட்டது. மாணவர் வயதில் இளையராதலின் அங்கே காவல் மிகுதியும் வேண்டியதே. வளர்ந்தோர் பணிபுரியும் இடத்துக்கோ ஒட்டுமொத்தத் தடை இன்னும் பொருந்தாது.

2013-ஆம் ஆண்டில் ஒலியே-மலற்றேர், ரொத்பாட், பேர்க் என்னும் ஆய்வாளர் மூவர், பணியாளர் தம் தொழில் வாழ்வுக்கும் தனிவாழ்வுக்கும் இடையே இத்தளங்களில் எல்லை வகுக்கும் முறைகளை நால்வகையாகப் பிரித்து விளக்கினர். எல்லாவற்றையும் எல்லார்க்குந் திறந்துவிடுதல் ஒன்று. காண்பாரை வரையறுத்தல் மற்றொன்று. யாவரையுஞ் சேர்த்துக்கொண்டு, எழுதுவதை வரையறுத்தல் மூன்றாவது. இன்னார் இன்னதையே காணுமாறு இரண்டையும் இணைத்தல் நான்காவது. நான்காவது முறை சிறந்ததாயினும் மிகுந்த உழைப்பும் பயிற்சியும் வேண்டுவது. மேலதிகாரியைச் சேர்த்த பணியாளரின் தலைமேல் இவ்வுழைப்பும் ஏற்றப்படுகின்றது. மாலையிலே இளைப்பாறுதற்கென வந்த இடத்தும் அவர் இரண்டாம் முறை அலுவல் பார்க்கவேண்டியவராகின்றார்.

கைக்கொள்ளத்தக்க நெறி

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நட்புத் தொடர்பு கூடாது என்பதோ கூடும் என்பதோ முடிபாகாது. தொடங்கும் உரிமை எவர்க்குரியது என்பதே தீர்க்கப்படவேண்டியது. மறுத்தால் இழப்பில்லாதவரே கேட்கலாம். கேட்டால் மறுக்க இயலாதவரிடம் கேட்டலாகாது. இதனை அடிப்படையாகக் கொண்டு ஐந்து நெறிகளைக் கூறலாம்.

முதலாவது, முகாமையாளர் தம்கீழ்ப் பணிபுரிவோர்க்குத் தாமாக நட்பு வேண்டுகோள் விடுத்தலாகாது. தளமே பெயர்களை எடுத்துக்காட்டித் தூண்டினும் அத்தூண்டலுக்கு இடங்கொடாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பணியாளர் தாமாக வேண்டுமிடத்து எல்லார்க்கும் ஒரே விடை கூறுதல் வேண்டும். சேர்ப்பதாயின் கேட்ட யாவரையுஞ் சேர்த்தல். சேர்க்காததாயின் எவரையுஞ் சேர்க்காமை. "யான் முகநூலைக் குடும்பத்தாரோடு மட்டுமே வைத்திருக்கின்றேன், லிங்ட்இன்னிலே தொடர்புகொள்வோம்" என்று முகமலர்ந்து கூறினால் எவரும் மனம் நோகார்.

மூன்றாவது, அங்கே கண்டதை அலுவலகத்துக்குக் கொண்டுவரலாகாது. விடுமுறை, மதிப்பீடு, ஒழுக்காற்று நடவடிக்கை என்பவற்றில் அதனைச் சான்றாக்கலாகாது. ஒருவர் உயிர்க்கு இடர் நேருமெனக் கண்டவிடத்தும், உடன் பணிபுரிவோரைத் துன்புறுத்தலோ அச்சுறுத்தலோ நிகழக் கண்டவிடத்தும் மட்டும் இவ்விதி விலக்குப் பெறும். அங்கே வாளாவிருத்தலே குற்றமாகும்.

நான்காவது, அலுவலகக் கட்டளைகளைச் சொந்தக் கணக்குகள் வழியே அனுப்பலாகாது. நம் நாட்டிலும் வேலைச் செய்திகள் வட்ஸ்அப் குழுக்கள் வாயிலாகப் பரிமாறப்படுதல் வழக்கமாகிவிட்டது. அத்தகைய குழு வேலைச் செய்திகளுக்கென மட்டுமே வகுக்கப்பட்டு, வேலை நேரத்துக்குள் அடங்குதல் நன்று. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளரையுடைய நிறுவனங்கள், வேலை நேரத்துக்கப்பால் தொடர்பறுத்திருக்கும் உரிமை பற்றிப் பணியாளரோடு பேசி ஒழுங்குசெய்தல் வேண்டும் என்னும் விதி பிரான்சிலே 2017-ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவும் 2024-ஆம் ஆண்டில் இத்தகைய உரிமையைச் சட்டமாக்கியது.

ஐந்தாவது, முன்னரே நண்பராயிருந்தோர் பற்றியது. நேற்றுவரை ஒரே மேசையில் இருந்து பணிபுரிந்தோருள் ஒருவர் இன்று முகாமையாளராகின்றார். பழைய நட்பை வெட்டி எறிதல் கொடிது. ஒன்றும் நிகழாததுபோலிருத்தல் பேதைமை. உயர்ந்தவரே முதலில் வாய்திறந்து, "இனி நான் உங்கள் பக்கங்களைப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்வேன், நீங்கள் என்னை நீக்கினாலும், நீங்கள் எழுதுவதை நான் காணாதபடி அமைத்துக்கொண்டாலும் அதனைத் தவறாகக் கொள்ளேன்" என்று கூறிவிடுதல் தகும். ஒருவர் பொதுப்பதிவுகளை மட்டுமே காணுமாறு அவரறியாமலே அமைத்துக்கொள்ளும் வசதி முகநூலில் உண்டு. ஆயினும் வெளிப்படையாகக் கூறப்பட்ட ஒரு சொல் தருமளவு ஆறுதலை அவ்வசதி தாராது.

வீட்டிலே மரணம் நிகழ்ந்ததை எவ்வாறு அறிவது என்னும் வினாவுக்கும் விடை இதனுள்ளேயே உண்டு. அலுவலகத்திலே தம் அறைக்கதவைத் திறந்துவைத்து, "வீட்டில் யாவரும் நலமோ" என்று வினவி, விடை கூறுமளவு கேட்டு, கூறாததைத் துருவாது விடும் மேலதிகாரிக்குப் பணியாளர் தாமே வந்து கூறுவர். முகநூலிற் பார்த்து அறிதல் இவ்வுழைப்பைத் தவிர்க்கும் குறுக்குவழி. கூறப்பட்டதை அறிதலும் பார்த்து அறிதலும் ஒன்றல்ல. முன்னையது நம்பிக்கையால் வருவது.

மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்திலே, அரசரை அடுத்து வாழ்வார்க்கு வள்ளுவர் குளிர்காய்வாரை உவமையாகக் காட்டினார். மிக நெருங்கினாற் சுடும். மிக விலகினாற் குளிரும். தக்க இடத்தில் நிற்றலே அறிவுடைமை. இவ்வறிவுரை நிற்பவரை நோக்கியது; அங்கே தீ தன்னிடத்தே கிடக்கும், தூரத்தை வகுப்பவர் காய்பவர். இன்றோ தீயே எழுந்து ஒவ்வொருவர் வீட்டு முற்றத்துக்கும் வரக்கூடியதாயிற்று. அங்ஙனம் வருமாயின் விலகி நிற்றற்கு அவர்க்கு இடமேது? ஆதலின், பண்டு பணியாளர்க்குக் கூறப்பட்ட அளவறிந்து நிற்றல் என்னும் ஒழுக்கம் இன்று முதற்கண் முகாமையாளர்க்கே உரியதாகின்றது. இக்கல்லூரியிற் பயின்று பல நாடுகளிலும் பிறரை ஆளும் பொறுப்பை ஏற்றுள்ள பழைய மாணவரும், நாளை அதனை ஏற்கவிருக்கும் இன்றைய மாணவரும் இதனைச் சிந்திப்பாராக.